உடல் நடுங்கும்போது அமுக்காதீர், தாங்குங்கள்

கரூர் சாலையில் தாடிக்கொம்புக்கு அருகே, மழை தூறிய ஒரு மாலைப்பொழுதில், கணவனும் மனைவியும் சென்ற இருசக்கர வாகனத்தைச் சரக்கு வண்டி ஒன்று உரசிக்கொண்டு போனது. இருவரும் சாலையோர மண்ணில் விழுந்தனர். கணவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவிக்கு அதுவும் இல்லை. அவர் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சிதறிக் கிடந்த காய்கறிகளைக்கூடப் பொறுக்கிப் பையில் போட்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் அது தொடங்கியது. முதலில் தாடை அடித்துக்கொண்டது. பிறகு கைகள் நடுங்கின. அதன்பின் முழங்கால்கள் நிற்க விடாமல் உதறின.

எமது அவசரப் பிரிவுக்கு அவரைக் கொண்டுவந்தபோது இருவர் அவருடைய கைகளை இறுகப் பிடித்திருந்தனர். ஒருவர் கால்களை அமுக்கிக்கொண்டிருந்தார். உடன் வந்த மூதாட்டி ஒருவர் சாவிக்கொத்தை அவருடைய உள்ளங்கையில் திணித்து மூடிக்கொண்டிருந்தார். "வலிப்பு வந்திருச்சு, சீக்கிரம் தூக்க ஊசி போடுங்க" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டனர்.

பெயரைக் கேட்டோம், சொன்னார். விரலை அசைத்தோம், கண்கள் பின்தொடர்ந்தன. இரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சு ஆகியவற்றைப் பார்த்தோம். தலையிலும் கழுத்திலும் வயிற்றிலும் அடி ஏதும் உண்டா என்று சோதித்தோம். அச்சப்பட ஒன்றுமில்லை. பிடித்திருந்த கைகளை எடுக்கச் சொன்னோம். ஒரு போர்வையைப் போர்த்தி, கணவரை அருகில் அமரச் செய்து, தோளில் கையை வைத்துக்கொண்டால் போதும் என்றோம். கால் மணி நேரம் நடுங்கினார். நடுவில் சிறிது அழுதார். பிறகு நீண்ட மூச்சு ஒன்று விட்டுத் தண்ணீர் கேட்டார். நடுக்கம் தானாக அடங்கியது. அப்போது அவர் கேட்ட கேள்வி இது: "எனக்கு என்ன ஆச்சு டாக்டர்? புத்தி கித்தி பேதலிச்சிருச்சா?"

இத்தகைய கேள்வியை அடையாளம் வேறு வேறான பலரிடமிருந்து நாங்கள் கேட்டு வருகிறோம். அவர்களுக்கும் அவர்களைச் சூழ்ந்து நிற்கும் குடும்பத்தினருக்கும் விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நடுக்கம் எதற்காக?

ஆபத்து என்று மூளை உணர்ந்த நொடியிலேயே, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு கூடுகிறது, குருதி தசைகளை நோக்கிப் பாய்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார்.

நலமாக இருக்கும் எவருடைய கையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணிய நடுக்கம் எப்போதும் உண்டு. நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை அது அசைகிறது. அட்ரினலின் தசைகளின் மேல் வேலை செய்யும்போது அந்த நுண்ணிய நடுக்கமே பெரிதாகி வெளியில் தெரிகிறது. ஓடுவதற்கென்று முறுக்கேறிய கால்கள் ஓட நேராமல் நின்றுவிட்டால், அந்த முறுக்கு உதறலாக வெளிப்படுகிறது. ஆபத்து நேரும்போது திடமாக இருப்பவர்கள், எல்லாம் முடிந்து பத்திரமான இடத்துக்கு வந்தபின் நடுங்குவதும் இதனால்தான். இது கோழைத்தனமும் அன்று. புத்தி பேதலிப்பும் அன்று.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். மனத்தில் நிகழ்வது உடலில் தோன்றுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு ஓர் இயலையே வகுத்தது தொல்காப்பியம். அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாகவும், நடுக்கத்தை அவற்றின் வேறான முப்பத்திரண்டனுள் ஒன்றாகவும் அது எண்ணுகிறது. வெடவெடத்தல், உதறல், பதறல், படபடப்பு என்று நாம் அன்றாடம் வழங்கும் சொற்களின் எண்ணிக்கையே இதற்குச் சான்று.

மகப்பேறு முடிந்த சிறிது நேரத்தில் தாய்மார் பலருக்குப் பல் கிட்டும் அளவுக்கு உடல் நடுங்கும். முதுகுத்தண்டில் ஊசி போட்டு அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இவ்வாறு நேரும். "ஜன்னி கண்டுவிட்டதோ" என்று பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் பாட்டிமார் கலங்குவதை நாங்கள் அறிவோம். காய்ச்சல் இன்றி, பிறந்த குழந்தையை அருகில் காட்டினால் சிரிக்கும் நினைவோடு, சிறிது நேரத்தில் அடங்கும் நடுக்கம் அச்சத்திற்குரியதன்று. கனத்த போர்வையும் ஆறுதலான சொல்லும் பெரும்பாலும் போதும். வீடு திரும்பிய பிறகு காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலோ, துர்நாற்றத்துடன் கசிவு இருந்தாலோ, அது வேறு. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

சாமியாடியின் பின்னால் நிற்பவர்

நடுங்கும் ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது என்பதை நம் ஊர்த் திருவிழாக்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உடுக்கையும் பம்பையும் முழங்க, அருள் வந்து ஆடுபவரின் உடல் முழுவதும் உதறுகிறது. பின்னால் ஒருவரோ இருவரோ நிற்பார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு துண்டையோ கையையோ தளர்வாக வைத்திருப்பார்கள். அவர் கல்லில் மோதாமலும் தீயில் விழாமலும் பார்த்துக்கொள்வதே அவர்கள் வேலை. அவர்கள் தாங்குவார்கள், அமுக்க மாட்டார்கள். ஆட்டம் தணியும்போது திருநீறு பூசி, முகத்தில் நீர் தெளித்து, குடிக்கக் கொடுத்து, அமர வைப்பார்கள். "சாமி மலையேறிவிட்டது" என்று சொல்லி எல்லோரும் மூச்சு விடுவார்கள்.

அருள் வருவதைப் பற்றிக் கருத்துரைக்க மருத்துவராகிய எங்களுக்கு உரிமை இல்லை. அது அவரவர் நம்பிக்கை. நாங்கள் அங்கு காண்பது வேறொன்று. அந்த நடுக்கத்திற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. அது நிகழப் பாதுகாப்பான ஓர் இடம் உண்டு. சுற்றி நிற்பவர்கள் அஞ்சுவதில்லை. முடிந்தபின் அவரை எவரும் இகழ்வதுமில்லை. விபத்திலிருந்து மீண்டு நடுங்கும் ஒருவருக்கும் வேண்டியவை இவையே.

இதற்கு மாறாக, அச்சத்தால் மனிதரைக் கட்டிவைக்கும் வழக்கமும் நம்மிடையே இருந்தது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியலில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தெளிவாகத் தடை செய்கிறது. ஒருவருடைய கைகால்களை வீட்டில் கயிற்றால் கட்டும் எண்ணம் எழும் நாளில், அந்த 28 பேரை நினைத்து, கயிற்றைக் கீழே வைத்துவிட்டு எங்களை அழையுங்கள்.

எல்லா நடுக்கமும் ஒன்றன்று

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். "நடுக்கம் இயல்பானது, விட்டுவிடுங்கள்" என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் உயிருக்கே கேடு நேரலாம்.

புரட்டாசிச் சனிக்கிழமை விரதமிருந்த ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறோம். காலையில் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டார். பூசை முடியும்வரை எதுவும் உண்ணவில்லை. பகல் பதினொன்றரை மணியளவில் உடல் நடுங்கி, வேர்த்து, பொருந்தாத சொற்களைப் பேசத் தொடங்கினார். பெருமாளே வந்துவிட்டார் என்று வீட்டார் கை கூப்பி நின்றனர். கல்லூரியில் படிக்கும் பேத்திக்கு மட்டும் ஐயம். குளுக்கோமீட்டரில் பார்த்தபோது சர்க்கரை 44 இருந்தது. இன்னும் சிறிது நேரம் தாழ்த்தியிருந்தால் அவர் நினைவிழந்திருப்பார்.

ஆகவே நடுங்கும் ஒருவரைக் கண்டால் முதலில் பின்வருவனவற்றைப் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வேர்த்து நடுங்கினால், அது சர்க்கரைக் குறைவு என்றே முதலில் கொள்ளுங்கள். அளவு 70-க்குக் கீழே இருந்தாலும், அளந்து பார்க்க வழியில்லாவிட்டாலும், விழுங்கும் நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

பெயர் சொல்லி அழைத்தும் மறுமொழி இல்லை, கண்கள் மேலே செருகுகின்றன, கைகால்கள் ஒரே சீராக வெட்டி இழுக்கின்றன, நாக்கு கடிபடுகிறது, தன்னையறியாமல் சிறுநீர் கழிகிறது என்றால் அது வலிப்பாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மென்மையாக ஒன்றை வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் கரண்டியோ துணியோ வைக்கக் கூடாது. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்லில் சாவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கையில் சாவியோ இரும்போ கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அது தானாக நிற்கும் நேரத்தில் சாவிக்குப் பெயர் கிடைக்கிறது, அவ்வளவே. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நின்று மீண்டும் வந்தாலும், அதுவே முதன்முறை என்றாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

உயர்ந்த காய்ச்சலுடன் தூக்கிப்போடும் குளிர் நடுக்கம் வந்தால், அது மலேரியா, சிறுநீரகத் தொற்று, இரத்தத்தில் பரவிய தொற்று ஆகியவற்றின் அறிகுறியாக இருக்கலாம்.

நாள்தோறும் மது அருந்தியவர் திடீரென நிறுத்திய சில மணி நேரங்களில் கை நடுங்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாள்களில் அது குழப்பமாகவும் வலிப்பாகவும் முற்றக்கூடும். "வைராக்கியமாக விட்டுவிட்டார்" என்று வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். நிறுத்துவது நல்லது, மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

தலையில் அடிபட்டவர், நெஞ்சுவலியுள்ளவர், மூச்சுத் திணறுபவர், வெளிறி உடல் சில்லிட்டவர் ஆகியோர் நடுங்கினால் காத்திருக்க வேண்டாம். நாள்கணக்கில் தொடரும் கைநடுக்கத்திற்குத் தைராய்டு மிகுதி, பார்க்கின்சன் நோய், ஆஸ்துமா மருந்துகள் முதலிய வேறு காரணங்கள் இருக்கலாம்; புறநோயாளர் பிரிவில் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள்.

இவை எவையும் இல்லை, பெயர் சொல்கிறார், நீங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது, பேரச்சம் ஒன்று சற்றுமுன் நிகழ்ந்திருக்கிறது என்றால், அப்போது அந்த நடுக்கத்திற்கு நேரம் கொடுங்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின்

உடலின் இந்த இயல்பைச் சிகிச்சையாகப் பயன்படுத்த இயலுமா என்ற வினா கடந்த சில பத்தாண்டுகளாக உலகெங்கும் எழுந்து வருகிறது. அமெரிக்கரான பீட்டர் லெவின் 1997-இல் வெளியிட்ட நூலில், வேட்டை விலங்கிடமிருந்து தப்பிய உயிர்கள் உடலை உதறி நடுங்கியபின் மீண்டும் மேயச் செல்வதைச் சுட்டிக்காட்டினார். மனிதர் அந்த நடுக்கத்தை அடக்கிக்கொள்வதால் அச்சம் உடலில் தங்கிவிடுகிறது என்பது அவர் கருத்து. போர் நிகழ்ந்த நாடுகளில் பணியாற்றிய டேவிட் பெர்செலி என்பவர், தொடைத் தசைகளைச் சில பயிற்சிகளால் களைப்படையச் செய்து, படுத்த நிலையில் கால்களில் தானாக எழும் நடுக்கத்தை அனுமதிக்கும் முறை ஒன்றை வகுத்தார். இன்று கைப்பேசிக் காணொலிகளில் பலர் காண்பது பெரும்பாலும் இந்த முறையையே.

இவ்வழியில் நம் நாட்டிலேயே செய்யப்பட்ட ஒரு முயற்சி உண்டு. 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உயிர் தப்பியவர்களுள் பலர் அலையோசை கேட்டாலே உடல் பதறினர்; கடலுக்குச் செல்ல அஞ்சினர்; உறக்கத்தில் அலறினர். லெவின் முறையில் பயின்ற இராஜா செல்வம் என்னும் உளவியலாளரும் அவருடைய குழுவினரும் தென்னிந்தியக் கடலோரச் சிற்றூர்களில் இத்தகையோரைச் சந்தித்தனர். நடந்ததை முழுவதும் சொல்லுமாறு அவர்களை வற்புறுத்தவில்லை. மார்பில் இறுக்கம் எங்கே, கால்களில் என்ன உணர்வு, மூச்சு எப்படிப் போகிறது என்று உடலைக் கவனிக்கச் செய்தனர். சிறு நடுக்கமோ வெப்பமோ கண்ணீரோ வந்தால் அதற்கு இடம் கொடுத்தனர். ஒருவருக்கு 75 நிமிடம் கொண்ட ஒரே அமர்வு. 150 பேரை எட்டு மாதம்வரை பின்தொடர்ந்ததில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தமக்கு நன்கு தணிந்தது அல்லது முற்றிலும் நீங்கியது என்று கூறியதாக 2008-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர்.

கேட்க இனிமையாக இருக்கிறது. ஆயினும் மருத்துவர் என்ற முறையில் ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்த ஆய்வில், சிகிச்சை பெறாத மற்றொரு குழுவை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பேரிடருக்குப் பின் பெரும்பாலோர் மாதங்கள் செல்லச் செல்லத் தாமாகவே தேறுகின்றனர். ஆகவே தணிந்ததில் சிகிச்சையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அந்த எண்ணிக்கை உதவாது. நடுக்கப் பயிற்சிகளைப் பற்றிய சான்றுகள் இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளன.

நடுங்கினாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்பதற்கு வரலாறும் மறுப்புச் சொல்கிறது. முதல் உலகப்போரின் பதுங்கு குழிகளிலிருந்து திரும்பிய படைவீரர் பலருக்கு நிற்காத நடுக்கம் இருந்தது. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் இத்தகையோரின் நிலையைக் குண்டதிர்ச்சி என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். சிலர் மாதக்கணக்கில் நடுங்கியும் அவர்களுடைய அச்சம் வெளியேறவில்லை. ஆபத்து தீராமலும், தீர்ந்துவிட்டது என்று உடல் நம்பாமலும் இருக்கும்வரை நடுக்கம் முடிவுக்கு வருவதில்லை. எனவே எங்கள் புரிதல் இது: ஆற்றுவது நடுக்கம் அன்று, "இனிப் பத்திரம்" என்ற உணர்வே ஆற்றுகிறது. அந்த உணர்வு வரும்போது நடுக்கம் தன் வேலையை முடித்துக்கொண்டு போகிறது. அந்த உணர்வைத் தர வல்லவர்களுள் முதல்வர்கள் நீங்கள், குடும்பத்தினர்.

வீட்டில் செய்யத்தக்கவை

நடுங்குபவரைச் சாய்ந்து அமரக்கூடிய இடத்தில் அமர்த்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள், பிரியமான ஒருவர் மட்டும் அருகில் இருந்தால் போதும். போர்வை போர்த்துங்கள். "ஒன்றும் ஆகவில்லை, அடங்கு" என்று அதட்டாமல், "முடிந்துவிட்டது, நாம் வீட்டில் இருக்கிறோம், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று மெல்லச் சொல்லுங்கள். தொடலாமா என்று கேட்டபின் தோளிலோ முதுகிலோ கை வையுங்கள். பாதங்கள் தரையில் படட்டும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். அழுதால் தடுக்காதீர்கள். அடங்கியபின், விழுங்கத் தடையில்லாதபோது, வெதுவெதுப்பான நீரோ கஞ்சியோ கொடுங்கள்.

துக்கம் விசாரிக்க வருவோர் ஒவ்வொருவரும் "எப்படி நடந்தது, சொல்" என்று கேட்டுக் காயத்தைக் கிளறுவது நம் ஊரில் அன்பின் பெயரால் நடப்பது. அவராகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள்.

தூக்க ஊசியை வற்புறுத்தாதீர்கள். பேரதிர்ச்சிக்குப் பின்னான முதல் மாதத்தில், அதிர்ச்சியின் அறிகுறிகளைத் தணிக்கவென்று டயசிபாம் வகை மருந்துகளைத் தரலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஊசி போட மறுக்கும் மருத்துவர் உங்களைப் புறக்கணிக்கவில்லை. அதே வகை மருந்துகள் நிற்காத வலிப்புக்கும் மது நிறுத்தக் கோளாறுக்கும் இன்றியமையாதவை. அவற்றை அங்கே மறுக்கமாட்டோம்.

நாள் முழுவதும் நூற்பாலையில் நின்று, அல்லது படுக்கையில் கிடக்கும் உறவினரைப் பார்த்துக்கொண்டு, தோள்களும் தாடையும் இறுகிப்போனவர்களுக்கு எளிய உதறல் பயிற்சி ஒன்றைச் சொல்கிறோம். பிடித்துக்கொள்ளச் சுவரோ நாற்காலியோ அருகில் இருக்கட்டும். பாதங்களைத் தோள் அகலத்திற்கு வைத்து, முழங்கால்களைச் சற்றுத் தளர்த்தி நில்லுங்கள். கழுவிய கையை உதறுவதுபோல மணிக்கட்டுகளை உதறுங்கள். அசைவு முழங்கைக்கும் தோளுக்கும் ஏறட்டும். குதிகால்களை மெல்லத் தூக்கித் தூக்கி வையுங்கள். தாடையைத் தளரவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். பிறகு அமர்ந்து, பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, பத்து மூச்சு எண்ணுங்கள். இது இறுக்கத்தைத் தளர்த்தும் உடற்பயிற்சி. நோய்க்கு மாற்று மருந்து அன்று.

கருவுற்றோர், அண்மையில் அறுவை செய்துகொண்டோர், எலும்பு முறிவோ எலும்புத் தேய்வோ உள்ளோர், வலிப்பு அல்லது இதய நோய் உள்ளோர், தலைசுற்றுவோர் ஆகியோர் எங்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம். கொடிய நிகழ்வுகளைக் கடந்து வந்தவர்கள், காணொலியைப் பார்த்துத் தனியறையில் நீண்ட நேரம் நடுக்கத்தை வரவழைக்கும் முயற்சியில் இறங்க வேண்டாம். பழைய காட்சிகள் திடீரெனப் பெருகிவரலாம். அப்படி வந்தால் நிறுத்திவிட்டுக் கண்களைத் திறந்து, சுற்றியுள்ள ஐந்து பொருள்களின் பெயரை உரக்கச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

நடுக்கம் ஓயாதபோது

நிகழ்வு முடிந்து ஒரு மாதத்திற்கு மேலாகியும் அதே காட்சி கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப வருகிறதா? அந்தச் சாலை வழியே போக மறுக்கிறாரா? சிறு ஓசைக்கும் துள்ளி விழுகிறாரா? உறக்கம் கெட்டு, சிடுசிடுப்பு மிகுந்து, பிள்ளைகளிடமிருந்தும் ஒதுங்கிப் போகிறாரா? அது மனவடு. ஈழத் தமிழர் வழங்கும் அரிய சொல் இது. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இத்தகையோரிடையே நெடுங்காலம் உழைத்தவர். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, அவரவர் சமயத்தின் நாமத்தையோ வேண்டுதலையோ உருப்போடுதல் என்று நம் பண்பாட்டிலேயே இருந்த அமைதி முறைகளை அவர் சிகிச்சையோடு இணைத்தார்.

மனவடுவுக்கு ஒப்பீட்டு ஆய்வுகளில் தேறிய சிகிச்சைகள் உள்ளன. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிதல் நடத்தைச் சிகிச்சையும், கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் ஈ.எம்.டி.ஆர். என்னும் முறையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பவை. தேவைப்பட்டால் மருந்துகளும் உதவும். அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் இதற்கு வழி உண்டு. வர இயலாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதை விளையாட்டாகக் கொள்ளாமல் அன்றே அழைத்து வாருங்கள்.

கரூர் சாலையில் விழுந்த அந்த அம்மையாரின் கேள்விக்கு நாங்கள் சொன்ன விடை இதுவே: "உங்கள் உடல் உங்களைக் காப்பாற்ற எழுந்தது, வேலை முடிந்ததும் இறங்கியது. அவ்வளவுதான்." மூன்று வாரம் கழித்துக் கணவரின் தையல் பிரித்த இடத்தைக் காட்ட இருவரும் வந்தனர். அதே வண்டியில், அதே சாலையில்தான் வந்ததாகச் சொன்னார். முதலிரண்டு நாள் உறக்கத்தில் உதறல் இருந்ததாம். "அமுக்கலை டாக்டர், பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்" என்றார் கணவர்.